எச்சரிக்கை: 'ஒரே தடவை அடித்தால் போதும், கேரண்டி' என்று வரும் கரப்பான் மருந்துக்காரர்கள்

ஒரே தடவை மருந்தடித்தால் கரப்பான் பூச்சி அடியோடு ஒழிந்துவிடும், கேரண்டி தருகிறோம் என்று யாராவது போனில் சொன்னால் தயவுசெய்து அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை நாளைக்கு வேறு பெயரிலும் செய்வார்கள் என்பதால், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் சமையலறையில் இருந்தது சின்ன வகைக் கரப்பான். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான் வளரும், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் ஓடும். ஜெர்மன் கரப்பான் என்பார்கள். சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் வேறு. அதற்கு ஜல்லடை மூடி போட்டு, குழாயைச் சுற்றியுள்ள ஓட்டைகளை அடைத்தாலே பாதித் தொல்லை குறையும். இந்தச் சின்னது வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சாகும். எது வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டும். போனில் பேசிய பெண் அதைக் கேட்கவே இல்லை. எத்தனை ரூம், எந்த நேரம் வசதி, இவ்வளவுதான் கேட்டார். "கப்போர்டு எதையும் காலி பண்ண வேண்டாம் மேடம், வாசனையே இருக்காது, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார்.

வந்தவர் தோளில் பம்ப்பை மாட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். ஹால், படுக்கையறை, பாத்ரூம் மூலை என்று கரப்பானே இல்லாத இடங்களில் எல்லாம் தரையோரம் நனைய அடித்தார். சமையலறையில் கப்போர்டுகளின் மூடிய கதவுகள் மேல் ஒரு தடவை தூவினார். ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை. ஃப்ரிட்ஜை நகர்த்தவில்லை, கையில் டார்ச் கிடையாது. எங்கே அதிகம் பார்க்கிறீர்கள் என்ற கேள்வியும் கிடையாது.

மருந்து எதில் வந்தது தெரியுமா? லேபிள் உரித்த குளிர்பான பாட்டிலில். மூடியால் அளந்து பம்ப்பில் ஊற்றினார். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. இது என்ன மருந்து என்று என் கணவர் கேட்டதற்கு, "ஹெர்பல் சார், கைக்குழந்தை இருந்தாக்கூட ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. அதற்குள் வீடு முழுக்க மண்ணெண்ணெய் போன்ற நெடி.

என் மாமியாருக்கு வீசிங் உண்டு. வீட்டில் மூச்சுத் தொல்லை உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் யாராவது இருக்கிறார்களா, மீன் தொட்டி இருக்கிறதா என்பது மருந்தடிப்பவர் வாசலிலேயே கேட்க வேண்டிய கேள்வி. இவர் கேட்கவில்லை, நாங்களாகச் சொன்னபோதும் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று இரவே மாமியாருக்கு இழுப்பு வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போனதும் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து அடிச்சாங்க?" என்பதுதான். அவர் கேட்டதில் பெரிய அர்த்தம் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகையாக இருந்தால் அதற்கு அட்ரோபின் போன்ற தனி விஷமுறிவு மருந்து உண்டு. பைரெத்ராய்டு என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி வகையாக இருந்தால் அப்படித் தனி முறிவு மருந்து கிடையாது, மூச்சுத் திணறலுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். பெயர் தெரிந்தால் டாக்டரின் வேலை சீக்கிரம் நடக்கும். நாங்கள் நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டோம். "அது எங்க கம்பெனி ஃபார்முலா, வெளியே சொல்ல முடியாது" என்றார்கள். மாமியார் மூச்சுவிட முடியாமல் படுத்திருக்கும்போது சொன்ன பதில் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்லவேளை, அவர் தேறிவிட்டார்.

இதற்கிடையில் மறுநாள் காலை வீட்டுத் தரையில் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. அதே காலையில் நிறுவனத்திலிருந்து மெசேஜ்: செத்த பூச்சிகளைப் போட்டோ எடுத்து, ஐந்து ஸ்டார் போட்டு, இரண்டு வரி எழுதுங்கள் என்று. இதை நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் பக்கத்தில் குவிந்து கிடக்கும் பாராட்டுகளை நான் பிறகு உட்கார்ந்து படித்தேன். ஏறக்குறைய எல்லாமே மருந்தடித்த மறுநாள் எழுதியவை. ஒரு மாதம் கழித்து எழுதியது ஒன்று இரண்டுதான், அவை எல்லாம் எங்களைப் போன்றவர்களின் புலம்பல். யாரையாவது கூப்பிடும் முன் அந்தத் தாமதமான பதிவுகளைத் தேடிப் படியுங்கள்.

ஏன் ஒரு மாதம்? கரப்பானின் கணக்கு அப்படி. ஜெர்மன் கரப்பானில் தாய்ப்பூச்சி தன் முட்டைகளைக் கூடாக்கி, வால்பக்கம் ஒட்டியபடியே சுமந்து திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை வரை இருக்கும். பொரிக்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். பொரிக்கும் தறுவாயில்தான் கீழே விடும். அந்தக் கூட்டின் ஓடு கெட்டியானது, ஸ்ப்ரே எளிதில் உள்ளே போகாது. தாய் செத்தாலும், முற்றிய கூடாக இருந்தால் குஞ்சு வெளியே வந்துவிடும். வந்த குஞ்சு இரண்டு, மூன்று மாதத்தில் வளர்ந்து அடுத்த கூட்டைச் சுமக்கும். அதனால் ஒரே ஒரு தடவை அடித்து இந்த வகையை ஒழிப்பது நடக்காத காரியம். தொழில் தெரிந்த யாருக்கும் இது தெரியும்.

சரி, இப்போது ரசீதைப் பாருங்கள். 'மூன்று மாத கேரண்டி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில், இலவச மறுசேவை 15 நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டும் என்று இருந்தது. முட்டை பொரிக்கும் முன்பே புகார் காலம் முடிந்துவிடுகிறது! மூன்று மாதம் எதற்கு என்று கேட்டால், வருட கான்ட்ராக்ட் எடுத்தவர்களுக்குத்தான் அது பொருந்தும் என்கிறார்கள். எதிர்பார்த்தபடியே, கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் எறும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாகக் குட்டிகள் அடுப்பு மேடையில் ஓட ஆரம்பித்தன. போன் செய்தால், "இது பக்கத்து வீட்டிலிருந்து புதுசா வந்தது மேடம், பழசு எல்லாம் செத்துப்போச்சு" என்று பதில். இறக்கை முளைக்காத, அவ்வளவு சின்னக் குட்டி ஒரு கூட்டமாக ஒரே இடத்தில் தெரிகிறதென்றால் அது அங்கேயே பொரித்தது என்றுதான் அர்த்தம்.

நாங்கள் சண்டை போட்ட பிறகு மறுபடி ஆளை அனுப்பினார்கள், அதற்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டுதான். இந்தத் தடவை ஜெல். ஜெல் நல்ல முறைதான், ஆனால் அதைச் செய்த விதம் அநியாயம். மேடை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய பெரிய சொட்டாக வைத்தார், கையோடு அதன் மேலேயே பழைய ஸ்ப்ரேயையும் அடித்தார். ஜெல் என்பது இரை. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் மாதிரி மெதுவாகக் கொல்லும் மருந்தைத் தின்பண்டத்தில் கலந்து வைப்பது. தின்ற பூச்சி இருப்பிடத்துக்குத் திரும்பிச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குட்டிகளும் சாகும். வெளியே வராத குட்டிகளையும் எட்டுவதுதான் ஜெல்லின் பலம். ஸ்ப்ரேயோ, பைரெத்ராய்டு வகையாக இருந்தால் கரப்பானை விரட்டக்கூடியது. இரை மேல் அதை அடித்தால் ஒன்றும் கிட்டே வராது. இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கி, ஒன்றால் மற்றொன்றைக் கெடுத்துவிட்டுப் போனார்கள்.

போகும்போது சுவரில் செருகும் ஒலி அலை மெஷின் ஒன்றையும் விற்கப் பார்த்தார். அதை நாங்கள் வாங்கவில்லை, நீங்களும் வாங்காதீர்கள். 2001லேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இந்த மாதிரி மெஷின் செய்பவர்கள், விற்பவர்கள் 60க்கும் மேற்பட்டோருக்கு, அறிவியல் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அறைக்குள் வெடிக்கவிட்டுக் கதவைச் சாத்தும் புகை டப்பாக்களும் அப்படித்தான். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவை வீட்டுக் கரப்பான்களைக் குறைக்கவில்லை, தரையிலும் மேடையிலும் மருந்துப் படிவு மட்டும் ஏறியது என்று தெரியவந்தது.

"டோஸ் பத்தலை, ஸ்ட்ராங்கா அடிச்சுடலாம்" என்று அடுத்து ஒரு வலை விரிப்பார்கள். அதே 2019இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜெர்மன் கரப்பான்கள் தங்களுக்கு முன்பின் பழக்கமில்லாத மருந்து வகைகளுக்கும் சேர்த்தே எதிர்ப்பு பெற்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். தப்பிப் பிழைத்ததன் வாரிசுகள்தான் உங்கள் வீட்டில் பெருகும். அளவைக் கூட்டினால் மூச்சு முட்டுவது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான்.

கடைசியில் எங்களுக்கு வேலையை முடித்துத் தந்தவர், தெரிந்தவர் மூலமாக வந்தார். எது சரியான வேலை என்று நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் செய்ததைச் சொல்கிறேன். முதல் நாள் மருந்தே எடுக்கவில்லை. டார்ச்சும் திருப்புளியும்தான். கீழ் டிராயரை அதன் தண்டவாளத்திலிருந்து முழுதாகக் கழற்றி எடுத்துத் திருப்பிக் காட்டினார். இரும்புச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே, நகம் நுழையாத இடுக்கில், கரும்புள்ளிகளாக எச்சம், உரித்த தோல், காலியான முட்டைக்கூடுகள் சில. குட்டிப் பணப்பை போல, ஓரத்தில் பல்பல்லான விளிம்போடு இருந்தது அந்தக் கூடு. ஆறேழு மில்லிமீட்டர்தான். அப்புறம் கதவுக் கீல், மிக்ஸியின் அடிப்பக்கம், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் இருக்கும் சூடான மூலை, சிங்க் அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை. ஒட்டும் அட்டைகளை அங்கங்கே வைத்துவிட்டுச் சில நாள் கழித்து வந்து, எந்த அட்டையில் அதிகம் விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகே ஜெல் வைத்தார், இடுக்குகளுக்குள் மட்டும், சின்னச் சின்னப் புள்ளிகளாக.

பழைய ஸ்ப்ரே படிந்த இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கச் சொன்னார். சிங்க் அடியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்யச் சொன்னார். தண்ணீர் இருந்தால் இவை தின்ன ஒன்றுமில்லாமலே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். எச்சத்தையும் தோலையும் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வைத்தார், அவைதான் பலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன. ஜெல்லைத் தொடாமல் விட்டிருந்தால் வேறு ஜெல் மாற்றலாம் என்றார். இனிப்புக்காகச் சேர்க்கும் குளுக்கோஸையே வெறுக்கும் ஜெர்மன் கரப்பான் கூட்டங்கள் உண்டு, அவற்றுக்கு அது கசக்கிறது என்று 2013இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். முட்டை பொரிக்கும் காலம் கணக்குப் பண்ணி அவராகவே மறுபடி வந்து அட்டைகளைப் பார்த்தார். அவர் 'கேரண்டி' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.

ஆகவே ஆள் பிடிக்கும்போது மருந்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். அசல் டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி, லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மறுவருகை ஒரு மாதத்துக்குப் பிறகும் உண்டா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒருவரிடம் பணம் கட்டிவிட்டு கேரண்டி நாட்களுக்குள் இருப்பவர்கள், இன்றிரவே விளக்கை அணைத்து சிறிது நேரம் கழித்து டார்ச்சோடு கீல்களையும் டிராயர் இடுக்குகளையும் பாருங்கள். ஒரு குட்டி தெரிந்தாலும் தேதியோடு போட்டோ எடுத்து, போனில் பேசாமல் எழுத்திலேயே புகார் அனுப்புங்கள். நாங்கள் போனில் சொன்ன எதையும் அவர்கள் பதிவு செய்து வைக்கவில்லை.