புது டிஸ்க் வாங்கும் முன் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாங்கூழ் ஆலை, மண்டி என்று நடத்தி, எடைமேடைக்கும் பில்லுக்கும் ஒரே சர்வரை நம்பியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 48,000 ரூபாய் போன வயிற்றெரிச்சலும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை.

தை மாதம் 240 ஜிபி டிஸ்க் நிறைந்து பில் போட முடியாமல் போனது. வருடாவருடம் பராமரிப்புப் பணம் வாங்கும் சர்வீஸ் ஆள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "உங்க டேட்டா வளர்ந்துடுச்சுண்ணா" என்றார். 1 டிபி டிஸ்க், மாற்றும் கூலி, அப்புறம் 'ஸ்பீடு செட்டிங்' என்று தனியாக ஒரு வரி. கேட்ட பணத்தைக் கொடுத்தேன்.

ஆனி பிறந்த வாரம், பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்க, எடைச்சீட்டு வரவில்லை, திரையில் 9002 என்று ஒரு பிழை. டிஸ்க் மறுபடி ஃபுல். சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்துச் சமாளித்தோம். போன் போட்டால், "2 டிபியா வாங்கிடுங்கண்ணா" என்கிறார்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து அக்கா மகன் வந்து, டேட்டாபேஸ் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தான். "மாமா, இதப் பாருங்க." பில், எடை விவரம் எல்லாம் இருக்கும் எம்டிஎஃப் ஃபைல் 6 ஜிபி. பக்கத்திலேயே எல்டிஎஃப், 890 ஜிபி! எட்டு வருட வியாபாரம் முழுவதும் அந்த 6 ஜிபிக்குள் அடக்கம். மிச்சம் எல்லாம் லாக், அதாவது டேட்டாவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் பதிவு.

எங்கள் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்க்யூஎல் சர்வரை, நடுவில் எந்த நேரத்து நிலைக்கும் திரும்ப வழிசெய்யும் ஃபுல் ரெகவரியில் வைத்தால் லாகுக்கென்று தனியாக பேக்கப் எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பழைய லாக் கழியாமல் சேர்ந்துகொண்டே போகும். தினமும் ஃபுல் பேக்கப் ஓடியது உண்மைதான், ஆனால் அது லாகைக் காலி செய்யாது. தையில் நிறைந்ததும் இதே லாக்தான், அதை அப்படியே புது டிஸ்க்குக்குத் தூக்கி வைத்திருக்கிறார். அந்த ஸ்பீடு செட்டிங் என்ன தெரியுமா? ராத்திரிதோறும் டேட்டாவைச் சீக்கிரம் தேட உதவும் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் திரும்பக் கட்டும், தானாக ஓடும் ஒரு ஜாப். ஒவ்வொரு ராத்திரியும் நாலைந்து ஜிபி லாகில் ஏறியிருக்கிறது. காசு கொடுத்து வியாதியை வாங்கியிருக்கிறேன்.

890 ஜிபி லாகுக்கு பேக்கப் எடுத்தால் வைக்க இடம் வேண்டுமே. எங்களுக்கு ராத்திரி பேக்கப் வரை திரும்பக் கிடைத்தால் போதும், நடுவில் போனதைச் சீட்டு பார்த்து ஏற்றிவிடலாம் என்பதால், முதலில் வெளி டிஸ்க்கில் ஃபுல் பேக்கப் எடுத்து, பழைய லாக் தானாகக் கழியும் சிம்பிள் ரெகவரிக்கு மாற்றி, லாக் ஃபைலை 4 ஜிபிக்குச் சுருக்கினான். நிமிடத்துக்கு நிமிடம் பணம் புழங்கும் இடம் என்றால் ஃபுல்லையே வைத்துக்கொண்டு மணிக்கொரு லாக் பேக்கப் போடச் சொல்கிறான்.

ராத்திரி சர்வீஸ் ஆளே கூப்பிட்டார். விவரம் சொன்னதும், "அட, சர்வரை நிறுத்திட்டு அந்த எல்டிஎஃப்பை டெலிட் பண்ணிருக்கலாமே" என்றார். கேட்டுக்கொண்டிருந்த பையன் சட்டென்று போனை வாங்கிவிட்டான். அப்படிச் செய்தால் டேட்டாபேஸே திறக்காமல் போக வாய்ப்பு உண்டாம். ஐந்து மாதமாக அந்த ஆள் கையில்தான் எங்கள் சர்வரின் பாஸ்வேர்டு இருந்தது. அன்று ராத்திரியே மாற்றினோம்.