புருவம் ஏற்ற எங்கே வெட்டுவது? அக்காவின் மொட்டைத் தலையில் வரைந்து பார்த்தோம்

புரட்டாசியில் அக்கா திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை நகரி வீட்டு முன்கூடத்தில் வெளிச்சம் விழும் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தலையில் பூசியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு ஐப்ரோ பென்சிலைக் கையில் எடுத்தேன். முந்தின வாரம் பிளாஸ்டிக் சர்ஜன் சொன்ன ஒவ்வொரு வெட்டும் தலையில் எங்கே விழும் என்று வரைந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருந்தோம். 'முடிக்குள்ளே மறைஞ்சிடும்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது வேண்டுதல் என்றால் திருமலை, இல்லாவிட்டால் திருத்தணி; ஆயுளுக்கு நாலைந்து தடவையாவது மொட்டை உண்டு. மறைக்க முடி இல்லாத நாளில் அந்தத் தழும்பு எப்படி இருக்கும் என்பது எங்களுக்கு நிஜமான கேள்வி.

அக்காவுக்கு 54 வயது. ஜாக்கெட் தைக்கிறாள். இரண்டு மூன்று வருடமாகப் புருவத்தின் வெளிமுனை இறங்கிக்கொண்டே வருகிறது. துணி கொடுக்க வருகிறவர்கள், தமிழ்க்காரர்களும் சரி, தெலுங்குக்காரர்களும் சரி, கேட்பது ஒரே கேள்விதான்: "ஏம்மா, கோபமா?" இரண்டு பாஷையிலும் அது ஒன்றேபோல் ஒலிக்கும். அவள் கோபமாகவே இல்லை. சாயங்காலமானால் நெற்றி வலி வேறு. புருவத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நாள் முழுக்கத் தைப்பதால் வரும் வலி அது.

முதலில் பக்கத்து ஊரில் ஓர் இடத்தில் காட்டினோம். மேல் இமையில் தோல் தொங்குகிறது, அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புருவத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. புருவம் இறங்கினால் அதன் கீழேயுள்ள தோல் இமைமேல் வந்து குவியும். பார்க்க இமைத்தோல் மாதிரியே இருக்கும். பார்வை மறைப்பதால் நெற்றித் தசை தன்னையறியாமல் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். இமைத்தோலை மட்டும் எடுத்துவிட்டால் தூக்க வேண்டிய அவசியம் போய், தசை தளர்ந்து, புருவம் இன்னும் கீழே வந்துவிடலாம். அப்புறம் புருவத்தை ஏற்ற நினைத்தால், இமை மூடத் தோல் போதாமல் போகும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கண்ணை மூடி, நெற்றியைத் தளர விட வேண்டும். இன்னொருவர் கட்டை விரலால் நெற்றியை லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ள, மெதுவாகக் கண்ணைத் திறக்க வேண்டும். அப்போது புருவம் நிற்பதுதான் அதன் சொந்த இடம். கண்குழியின் மேல்விளிம்பு எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். பொதுவாகப் பெண்களுக்குப் புருவம் அந்த எலும்புக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். ஆண்களுக்கு ஏறக்குறைய எலும்பின் மேலேயே, நேராக இருக்கும். அக்காவுக்கு உள்முனை சரியாகவே இருந்தது. வெளிமுனை எலும்பைத் தாண்டி அரை விரல் கீழே கிடந்தது. இமை விளிம்பே கண்மணியை மறைத்தால் கதை வேறு. அது இமையைத் தூக்கும் தசையின் கோளாறு, அதற்கு வேறு ஆபரேஷன். திடீரென்று ஒரு பக்க இமை மட்டும் இறங்கி, பொருள் இரண்டாகத் தெரிந்தால் அழகுப் பேச்சை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வெளிமுனை முதலில் இறங்குவதற்குக் காரணம் உண்டு. புருவத்தை மேலே இழுக்க நெற்றித் தசை ஒன்றுதான் இருக்கிறது. அதன் நார்கள், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதற்கு வெளியே தூக்கிப் பிடிக்க ஆளில்லை. கண்ணைச் சுற்றிய தசையோ கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

சரி, முதல் கோடு. ஒரு காதுக்கு மேலிருந்து மறு காதுக்கு மேல் வரை, ஹேர்பேண்ட் உட்காரும் வழியே உச்சந்தலையில் இழுத்தேன். இது கரோனல் லிஃப்ட், பழைய முறை. நெற்றித்தோலை முழுசாகப் பிரித்துக் கீழே மடக்கி, புருவம் சுளிக்கும் தசைகளைக் கண்ணால் பார்த்தே பலவீனமாக்கி, தலைத்தோலில் ஒரு பட்டையை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். எதையும் குத்துமதிப்பாகச் செய்ய வேண்டியதில்லை. பலனும் பல வருடம் நிற்கும். ஆனால் எங்கள் பெரியம்மா இதைச் செய்துகொண்டு 16 வருடம் ஆகிறது. அவருக்குத் திருத்தணியில் மொட்டை போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். பென்சில் தடிமனில் வெள்ளைக் கோடு, அதில் ஒரு மயிர்க்கால்கூட இல்லை. "இதுக்குப் பின்னாடி சீப்பு ஓடுறதே எனக்குத் தெரியாதுடி" என்றார். புருவத்திலிருந்து உச்சிக்கு ஏறும் உணர்ச்சி நரம்பின் கிளைகளை அந்த வெட்டு குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. பலருக்கு மாதக்கணக்கில் உணர்ச்சி திரும்பும், ஊறலும் அரிப்புமாக. சிலருக்குத் திரும்புவதில்லை.

இன்னொரு விஷயம், கரோனல் நெற்றியை இன்னும் உயரமாக்கும். அக்கா தன் தையல் டேப்பாலேயே புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை அளந்தாள். ஏழு சென்டிமீட்டர். ஆறைத் தாண்டினாலே பெண்களுக்கு நீண்ட நெற்றி என்பார்கள். அந்தக் கோட்டை அங்கேயே அழித்துவிட்டோம்.

நீண்ட நெற்றிக்காரர்களுக்கு என்றே உள்ளது அடுத்த கோடு, முடி தொடங்கும் விளிம்பிலேயே போவது. மொட்டைத் தலையிலும் அந்த விளிம்பு கரும்பச்சையாகத் தெரிந்ததால் வரைவது சுலபமாக இருந்தது. இதில் நெற்றித்தோலையே எடுப்பதால் நெற்றி உயராது, வேண்டுமென்றால் குறையும். கத்தியைச் சாய்த்து வெட்டினால் அடியில் இருக்கும் மயிர்க்கால்கள் தழும்பைத் துளைத்துக்கொண்டு முளைக்கும். நல்ல கை செய்தால் கோடு தெரியாது என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் வைத்து ஏற்றி வாரிப் பின்னுகிறவர்களுக்கு, வகிட்டில் குங்குமம் வைக்கிறவர்களுக்கு, அது கண்ணில் படும் முதல் இடம். மாநிறத் தோலில் தழும்பு கறுக்கும், சிலருக்குத் தடிக்கும். காது குத்திய இடத்தில் உருண்டையாகச் சதை வளர்ந்த அனுபவம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் சர்ஜனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயதாக ஆக முடி பின்வாங்கினால் கோடு நெற்றியில் தனியாக நிற்கும். மரத்துப்போவது இதிலும் உண்டு.

மூன்றாவதற்குக் கோடு இல்லை, ஐந்து சின்னப் புள்ளிகள்தான்: நடுவில் ஒன்று, அதன் இருபுறமும் ஒவ்வொன்று, நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒவ்வொன்று. எண்டோஸ்கோப் முறை. 1990களின் தொடக்கத்தில் வந்தது, இன்றைக்கு அதிகம் பேசப்படுவது இதுதான். ஒன்று இரண்டு சென்டிமீட்டர் வெட்டு வழியே கேமராவையும் கருவியையும் நுழைத்து, திரையைப் பார்த்துச் செய்வார்கள். இழுப்பதைவிட விடுவிப்பதுதான் இதில் பெரிய வேலை. எலும்பைப் போர்த்திய சவ்வு, புருவ விளிம்பில் கூடாரத்துக்கு முளை அடித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முளைகளைப் பிடுங்கினால் நெற்றி முழுவதும் மேலே நகரும். நகர்ந்தது புதிய இடத்தில் ஒட்டிக்கொள்ளச் சில வாரமாகும். அதுவரை அதைப் பிடித்து வைக்க வேண்டும். எலும்பில் சின்னத் துளையிட்டுத் தையல் போடுகிறவர்கள் உண்டு, திருகு வைக்கிறவர்கள் உண்டு, தானே கரைந்துவிடும் கொக்கி வைக்கிறவர்கள் உண்டு. எது அதிக நாள் நிற்கும் என்பதில் சர்ஜன்களுக்குள்ளேயே வாதம் ஓயவில்லை. நீங்கள் போகிற சர்ஜன் எதைப் பயன்படுத்துகிறார், ஏன் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் அதுவே நல்ல அடையாளம்.

மொட்டையில் பார்க்கவும் இதுதான் தேவலை. ஐந்து சின்னக் கீறல், அவ்வளவே. உணர்ச்சி போவதும் கரோனலைவிடக் குறைவு. சாதாரண உயர நெற்றி, மெல்லிய தோல், உள்முனையும் இறங்கியிருப்பது என்று மூன்றும் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் தோலை வெட்டி எடுப்பதில்லை, அதனால் கனத்த தோல் உள்ளவர்களுக்கு நினைத்த அளவு ஏறாது. உயரமாகப் புடைத்த நெற்றியில் நேரான கருவி வளைந்து போகச் சிரமப்படும். முடி விளிம்பும் சற்று மேலே போகும். எனக்கு இதில் பெரிய பயம் உள்முனைதான். சரியாக இருக்கிற உள்முனையைத் தேவையில்லாமல் ஏற்றிவிட்டால், எந்நேரமும் திடுக்கிட்ட முகம் வந்துவிடும். இறங்கிய புருவத்தை ஏற்றுவதைவிட, ஏறிய புருவத்தை இறக்குவது கஷ்டம்.

நான்காவதுக்கு அக்காவைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். காதுக்கு மேல், முன்னால், பூச்சரத்துக்கு ஹேர்பின் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு சென்டிமீட்டர் கோடு, இரு பக்கமும். இது டெம்போரல் லிஃப்ட். புருவத்தின் வெளி மூன்றிலொரு பங்கை மட்டும் மேலும் பின்னுமாக ஏற்றி, நெற்றிப்பொட்டுத் தசையை மூடியிருக்கும் கெட்டியான உறையில் தைத்துவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசியோடு லேசான மயக்கம் போதும் என்பார்கள் பலர்.

அந்த இடத்தில் விரல் வைத்தால் ரத்தக்குழாய் துடிப்பது தெரியும். வேலூர் சி.எம்.சி.க்கு 1946இல் வந்த சர்ஜன் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயால் புருவம் உதிர்ந்தவர்களுக்கு, ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்த தலைத்தோலிலிருந்து புருவம் அமைத்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் புருவ ஆபரேஷனுக்கு அப்படியொரு தொடக்கம் இருக்கிறது. ஒதுக்கி வைத்த மனிதர்கள் மறுபடி தெருவில் முகம் காட்டி நடப்பதற்காகச் செய்தது. புருவத்துக்காக ஆபரேஷனா என்று யாராவது அக்காவைக் கேட்டால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

டெம்போரல் லிஃப்ட்டின் ஆபத்தையும் வரைந்தேன், குங்குமத்தால். காதுத்துளைக்கு முன்னே துருத்தும் சின்னக் குருத்தெலும்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே ஒரு புள்ளி, புருவ வால்முனைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்தால் வருவது நெற்றித் தசையை இயக்கும் நரம்பின் பாதை. பிரேசில் சர்ஜன் இவோ பிடான்கி சொன்ன கோடு. நரம்பு இழுபட்டால் அந்தப் பக்கப் புருவம் கொஞ்ச காலம் அசையாது. பெரும்பாலும் சரியாகிவிடும், அறுந்தால்தான் நிரந்தரம், அது அபூர்வம். எண்டோஸ்கோப்பிலும் இதே நரம்பு பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனை கேஸ் செய்திருக்கிறீர்கள் என்று கேட்க வெட்கப்படக் கூடாது.

இதே பகுதியிலிருந்து, வெறும் சின்னத் துளை வழியாகத் தோலை அடியிலிருந்து பிரித்து மேலே நகர்த்தி, நெற்றிமேலேயே வலைபோலத் தையல் போட்டு இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடும் முறையும் இப்போது பரவுகிறது. பிரேசிலின் ஃபாஸ்டோ விட்டெர்போ கொண்டுவந்தது. வெட்டு குறைவுதான், ஆனால் நம் தோல் நிறத்தில் தையல் குத்திய இடம் கறுத்து நிற்குமா என்பதைக் கேட்டுத் தெளியாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசிக் கோடு புருவத்துக்கு நேர் மேலே. டைரக்ட் லிஃப்ட். 1919இலேயே பாரிஸில் ரெமோன் பாசோ நெற்றித்தோலைச் சிறு சிறு துண்டாக எடுத்துப் புருவம் ஏற்றுவதை எழுதியிருக்கிறார். அந்த வம்சம்தான் இது. ஐந்து மில்லிமீட்டர் தோலை எடுத்தால் புருவம் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். வெட்டு தூரப் போகப் போக, அதே ஏற்றத்துக்கு இன்னும் அதிகம் எடுக்க வேண்டும். கணக்கு இவ்வளவு சுத்தமாக வேறு எந்த முறையிலும் வராது. விலை, முகத்தின் மேலேயே தழும்பு. அக்கா கண்ணாடியில் பார்த்த உடனே "இது எனக்கு வேணாம்" என்றாள். ஆனால் எங்கள் மாமாவுக்கு முகவாதம் வந்து ஒரு புருவம் கண்ணை மூடுகிற அளவு விழுந்தபோது இதுதான் கைகொடுத்தது. அவருக்கு 70 வயது, வழுக்கை, சர்க்கரை வேறு. முழு மயக்கம் கொடுக்காமல் ஊசி போட்டே முடித்தார்கள், ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புருவ மயிரின் மேல்விளிம்பில் மெல்லிய கோடு தெரியும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை, பஸ் போர்டு படிக்க முடிகிறது என்பார். நெற்றி மடிப்புக்குள் வெட்டுவதும் உண்டு. ஆழமான மடிப்புள்ள வயதான ஆண்களுக்கு மட்டும்.

இமை வெட்டு வழியாகவே புருவத்தை உள்ளே தைத்து வைக்கிற முறையில் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். போடாக்ஸ் ஊசி, கீழே இழுக்கும் தசையைத் தளர்த்தி மூன்று நான்கு மாதம் கொஞ்சம் ஏற்றித் தரும். ஆபரேஷனுக்கு முன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அது நல்ல ஒத்திகை. தோலுக்கடியில் நூல் போட்டு இழுப்பது அக்கா அளவு இறக்கத்துக்குத் தாங்காது.

எந்த முறையானாலும் இரண்டு மூன்று நாளில் வீக்கம் கண்ணுக்கு இறங்கி நீலம் பாரிக்கும், பத்துப் பதினாலு நாள் வெளியே போகச் சங்கடம்தான். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். ஹெல்மெட் வெட்டின்மேல் அழுத்தும். தலைச்சுமை, எண்ணெய்க் குளியல், தலைமுடி டை எல்லாம் எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், கொடுத்த டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும். இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன் புருவத்தை உட்கார்ந்த நிலையில்தான் குறிப்பார்கள். படுத்தால் புருவம் தானாகவே மேலே போய்விடும்.

அக்கா டெம்போரல்தான் என்று முடிவு செய்தாள். இறங்கியது வெளிமுனை, நெற்றி ஏற்கெனவே நீளம், புருவ நடுவில் சுளிப்புக் கோடு பெரிதாக இல்லை. வேண்டுதலும் முடிந்தது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்போல வளரும், தை முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் ஆர்டர் குவியும். அதனால் மாசிக்கு நாள் கேட்டிருக்கிறோம். அதற்குள் வெட்டை மூடும் அளவுக்கு முடி வந்துவிடும்.

மற்ற கோடுகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். காதுக்கு மேல் இரண்டு கோடும் குங்குமக் கோடும் மட்டும் இருக்க, இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்தோம். அடுத்த தடவை போகும்போது சர்ஜனிடம் காட்டி, வெட்டு இந்த இடத்தில்தானா, இன்னும் பின்னால் தள்ளலாமா என்று கேட்க வேண்டும்.