.17 எச்.எம்.ஆர். வாங்கலாமா, .22 ஹார்னெட் வாங்கலாமா?

மேய்ச்சல் நிலத்தைக் குழி பறித்துக் கெடுக்கும் தரை அணில், ப்ரெய்ரி நாய் (நாயல்ல, அணில் இனக் கொறிவிலங்கு) ஆகியவற்றைச் சுட அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சின்ன ரைஃபிள் தேடுகிறவர்கள் பலர் இந்த இரண்டு தோட்டா வகைகளில் வந்து நிற்பார்கள். என் ஓட்டு ஹார்னெட்டுக்கு.

ஹார்னடி நிறுவனம் 2002-இல் கொண்டுவந்த எச்.எம்.ஆர். 17 கிரெயின் (குண்டு, மருந்தின் எடையை அளக்கும் சின்ன அலகு) குண்டை நொடிக்குச் சுமார் 2,550 அடி வேகத்தில் தள்ளும். சத்தம் குறைவு, உதை இல்லை என்றே சொல்லலாம். ஆண்டுக்கு நாலைந்து பெட்டி போதும் என்றால் இதையே வாங்குங்கள். அந்த அளவுக்கு, ஹார்னெட்டின் சுட்ட கூட்டை மறுபடி நிரப்பும் ரீலோடிங் சாமான் வாங்கும் காசு கட்டுப்படியாகாது. 1930 முதல் விற்பனையில் இருக்கும் ஹார்னெட்டில் 35 கிரெயின் குண்டு 3,100 அடியைத் தொடும்.

வேகத்தை விடப் பெரிய விஷயம், சுட்ட பிறகு கையில் மிஞ்சும் பித்தளைக் கூடு. எச்.எம்.ஆர். ரிம்ஃபயர் வகை. அதில் முதல் பொறியைத் தரும் பிரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். நசுங்கிய கூடு குப்பைக்குத்தான். ஹார்னெட்டில் பிரைமர் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பதால், பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தலாம். வெடிமருந்தும் கொஞ்சம்தான் பிடிக்கும். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்குச் சுமார் 12 என்று வைத்தாலும் 500-க்கு மேல் தேறும். துல்லியமான அளவு மருந்துக்கு மருந்து மாறும், கையேட்டைப் பார்க்காமல் நிரப்பக் கூடாது. 2013-இல் அமெரிக்கக் கடைகளில் ரிம்ஃபயர் தோட்டா அலமாரிகள் காலியானபோது, கூடும் பிரைமரும் சேர்த்து வைத்திருந்தவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிரைமருக்கே தட்டுப்பாடு வந்தால் இந்தச் சாதகம் போய்விடும் என்பதும் உண்மை.

இன்னொன்று: எச்.எம்.ஆர். தோட்டா உங்கள் குழலுக்கு ஒத்துவராவிட்டால் வேறு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வாங்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஹார்னெட்டில் குண்டு, மருந்து, குண்டு உட்காரும் ஆழம் மூன்றையும் மாற்றிப் பார்க்கலாம்.

ஆனால் ஹார்னெட் கூடு மெல்லிசு. குண்டை அழுத்தும்போது அதைப் பிடிக்கும் கழுத்துப் பகுதி மடங்கிவிடும். வாயின் உள்விளிம்பை லேசாகச் சீவிவிட்டால் குண்டு வழுக்கி இறங்கும். ஒவ்வொரு முறையும் கூடு முழுவதையும் டையில் (கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அழுத்தினால், கழுத்துக்குக் கீழே கூடு விரியும் தோள்பட்டை பின்தள்ளப்பட்டு, அடுத்த சூட்டில் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். கழுத்தை மட்டும் அழுத்துங்கள், அந்தக் கூட்டை அதே ரைஃபிளில் மட்டும் பயன்படுத்துங்கள். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். அடிப்பாகத்தருகே பள்ளம் தட்டுப்பட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். எத்தனை முறை தாங்கும் என்பது சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையை, பொறுத்தது.

பழைய ஹார்னெட் வாங்குவதானால் குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரியின் முறுக்கைக் கேளுங்கள். 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 45 கிரெயினுக்குள் நில்லுங்கள். அதைவிடக் கனமான, நீளமான குண்டு தள்ளாடி, குறி அட்டையில் பக்கவாட்டாகப் பாய்ந்த ஓட்டை விழும்.