தாவணியா, லெஹங்காவா, சேலையா: வளரும் புள்ளைக்கு விசேஷ உடுப்பு

வைகாசிக் கல்யாணத்துக்குத் தைத்த பாவாடை, தை நோம்பிக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். 13 முதல் 17 வயதுக்குள் இருக்கும் புள்ளைக்குத் துணி எடுப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது. கடையில் விரித்துக் காட்டும் நிறமெல்லாம் அப்புறம்தான்.

இரண்டாவது கணக்கு, அந்த உடுப்பில் அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது. கொங்குப் பக்கம் ஒரு வருஷத்தில் வரும் விசேஷங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. மாரியம்மன் நோம்பியில் மாவிளக்கு எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்குப் பவானிக் கூடுதுறையில் ஈரப்படியில் இறங்க வேண்டும். வள்ளி கும்மியில் குனிந்து, நிமிர்ந்து, சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். வரவேற்பில் மட்டும்தான் சும்மா நின்று படம் எடுத்துக்கொள்ளும் வேலை. இந்த நான்குக்கும் ஒரே துணி சரிப்பட்டு வராது. அப்படியும் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு பாவாடை தாவணிக்கு. லெஹங்கா எங்கே ஜெயிக்கிறது, சேலை எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பாவாடை தாவணி

இதன் பெரிய பலம், உள்ளே துணியை ஒளித்து வைக்கலாம். புடவைத் துணியின் அகலம் 46 முதல் 48 அங்குலம். 5 அடி 2 அங்குல உயரமுள்ள பெண்ணுக்குப் பாவாடை நீளம் 38 அல்லது 39 அங்குலம் போதும். புடவையின் அகலமே பாவாடையின் நீளமாகிறது என்பதால் எட்டு அங்குலம் மிஞ்சும். அதை வெட்டச் சொல்லாதீர்கள். பார்டருக்குச் சற்று மேலே உட்புறமாக ஒன்றரை அங்குல ஆழத்தில் இரண்டு டக்கு (துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு டக்கைப் பிரித்தால் 3 அங்குலம் இறங்கும், இரண்டையும் பிரித்தால் 6. இரண்டு மூன்று வருஷத்து வளர்த்தி இதில் அடங்கிவிடும்.

கெட்டுப்போகும் இடமும் இதே டக்குதான். பட்டில் ஊசி போன ஓட்டை மறையாது. பருத்திக்குப் போடும் 14ஆம் நம்பர் ஊசியிலேயே பட்டையும் ஓட்டிவிட்டால், பிரித்த பிறகு புள்ளி புள்ளியாகக் கோடு தெரியும். 11ஆம் நம்பர் ஊசி, நீளத் தையல், துணியின் நிறத்திலேயே நூல்: மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டக்கு பார்டரை ஒட்டி இருந்தால் பழைய மடிப்புக் கோடு ஜரிகையோடு கலந்துவிடும். நடுப் பாவாடையில் பிடித்தால் கோடு காலத்துக்கும் நிற்கும்.

இன்னொரு தவறு, இரண்டு பக்கமும் சம அளவு பெரிய பார்டர் உள்ள புடவையைப் பாவாடைக்கு எடுப்பது. மேல் பார்டர் இடுப்பில் போய் மடிந்து, ஜரிகை முழுக்கக் கொசுவத்துக்குள் சிக்கி, இடுப்பு உருண்டை கட்டும். ஒரு பக்கம் பெரிய பார்டர், மறுபக்கம் இரண்டு அங்குலத்துக்குள் சின்ன பார்டர் என்று பார்த்து எடுங்கள். சின்ன பார்டரை வெட்டி எடுத்து ஜாக்கெட் கைக்குக் கரையாக வைத்துக்கொள்ளலாம். வெட்டினால் ஒரு டக்குக்குத்தான் இடம் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

துணி அளவு: 26 அங்குல இடுப்புக்கு 3 மீட்டர் என்றால் நாலரை மடங்கு வரும். சாஃப்ட் சில்க் போன்ற மெல்லிய பட்டுக்கு இந்தக் கொசுவம் அழகாக விழும். கனமான காஞ்சிப் பட்டில் இதே 3 மீட்டரை அடக்கினால் இடுப்பு மொத்தையாகும், இரண்டே முக்காலோடு நிறுத்திக்கொள்ளலாம். தாவணிக்கு இரண்டரை மீட்டர். தோளில் நாலைந்து மடிப்பு வைத்து முந்தி முழங்கால் வரை தொங்க வேண்டும் என்றால் இரண்டே முக்கால்.

இந்தக் கணக்கில் அம்முச்சியின் பழைய பட்டுச்சேலை ஒன்று போதும். முந்தியோடு சேர்த்து ஐந்தரை மீட்டரில் 3 மீட்டர் பாவாடைக்கும் இரண்டரை மீட்டர் தாவணிக்கும் போய்விடும். ஆனால் இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் சேலை கட்டியது போலத்தான் தெரியும். தாவணி வேறு நிறத்தில் இருந்தால்தான் தாவணிக்கு மரியாதை. பழைய சேலையை வெட்டும் முன் மடிப்புக் கோடுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பில் இழை விட்டிருந்தால் கொசுவம் பிடித்த முதல் நாளே கிழியும்.

தாவணித் துணியில் புள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நல்லது. நீளமும் துணியின் தரமும் அம்மா பொறுப்பு, தாவணி நிறமும் ஜாக்கெட்டின் கழுத்தும் கையும் அவள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால் கடையில் பாதிச் சண்டை குறையும். கோவை கோரா காட்டன் தாவணி பகல் விசேஷத்துக்கு நன்றாக நிற்கும். பட்டும் பருத்தியும் கலந்த நெசவு என்பதால் விறைப்பும் உண்டு, காற்றோட்டமும் உண்டு. கசங்குவதுதான் அதன் குறை, காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஜார்ஜெட் கசங்காது, ஆனால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் அதைப் பட்டமாக்கிவிடும். தோளில் ஒன்று, இடுப்பில் இடப்பக்கம் ஒன்று, பின்னால் பாவாடைப் பட்டையோடு சேர்த்து ஒன்று என மூன்று ஊக்கு குத்தினால் அடங்கும். பட்டில் ஊக்கு குத்தும்போது ஊக்கின் சுருளுக்கு முன்னால் ஒரு சின்ன மணியைக் கோத்துவிடுங்கள். சுருளில் இழை சிக்கிக் கிழிவது நின்றுவிடும்.

ஜாக்கெட்டில் பக்கத் தையலுக்கு உள்ளே ஒவ்வொரு துண்டிலும் ஓர் அங்குலம் விட்டால், நான்கு ஓரத்திலும் சேர்த்து 4 அங்குலம் வரை தளர்த்தலாம். கைக்குழி மட்டும் அவ்வளவு எளிதில் பெரிதாகாது, அதனால் முதலிலேயே அரை அங்குலம் தாராளமாக வையுங்கள். லைனிங் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊற வைத்து, காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். ஊற வைக்காத லைனிங் முதல் துவைப்பில் சுருங்கி, மேலே உள்ள பட்டு சொரசொரவென்று நெளிந்துவிடும். இதற்குத் தையல்காரரைத் திட்டிப் பயனில்லை, லைனிங்கை ஊற வைக்காமல் கொடுத்தது நாம்தான்.

லெஹங்கா

வரவேற்பு மேடையில் இதற்கு ஈடு இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டும். கீழ்ச்சுற்று மூன்று, நான்கு மீட்டர் விரிந்து நிற்பதை எந்தப் பாவாடையும் தராது. கொசுவம் இல்லாத வெட்டு என்பதால் இடுப்பில் மொத்தை கட்டாது.

சிக்கல் மேடையை விட்டு இறங்கியதும் தொடங்குகிறது. கடையில் தொங்கும் லெஹங்காவின் நீளம் பெரும்பாலும் குதிகால் செருப்போடு போடும் கணக்கில் 40, 42 அங்குலம் இருக்கும். நம் ஊர் மண்டபத்தில் மணவறைக்குப் போகும்போதும் கோயிலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் இரண்டு அங்குலம் தரையில் இழுபடும், முன்பக்கம் காலில் மாட்டும். வெறுங்காலில் நின்றுதான் அளவு பார்க்க வேண்டும்.

நீளத்தைக் குறைப்பதும் சுலபமில்லை. வேலைப்பாடு முழுக்கக் கீழே இருப்பதால் கீழே வெட்ட முடியாது. மேலே வெட்டினால் என்ன ஆகும்? இடுப்பு 30 அங்குலம், கீழ்ச்சுற்று 140, நீளம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அங்குலம் கீழே வரும்போதும் சுற்று இரண்டே முக்கால் அங்குலம் கூடுகிறது. மேலே 2 அங்குலம் வெட்டினால் இடுப்பு ஐந்தரை அங்குலம் பெருத்துவிடும். துண்டுகளை இணைக்கும் ஒவ்வொரு கலித் தையலையும் பிரித்து உள்ளே பிடிக்க வேண்டும், அரை நாள் வேலை. நீட்ட வேண்டும் என்றால் இடுப்பில் இரண்டு அங்குலப் பட்டை ஒன்று சேர்ப்பதைத் தவிர வழியில்லை. வளரும் வயதுக்கு லெஹங்கா ஒரு வருஷத் துணி என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஒரே ஒரு வரவேற்புக்கு என்றால் கோவையில் வாடகைக்கு எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள்ளே விறைப்பு வலை வைத்துத் தைத்திருந்தால் தரையில் சம்மணம் போட முடியாது. அந்த வலையைத் தனிப் பாவாடையாகக் கேட்டு வாங்குங்கள், தேவையில்லாதபோது கழற்றிவிடலாம். வலைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு பருத்தி உள்பாவாடை வேண்டும், கொலுசுக்கு மேலே முடியும் அளவில். இல்லாவிட்டால் கொலுசு வலையில் மாட்டும், கால் முழுக்க அரிக்கும். ஒட்டுக்கல் வைத்த துணியில் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் பசை இளகிக் கல் உதிரும். திருப்பிப் போட்டு, மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெட் துப்பட்டாவும் பாலியெஸ்டர் லெஹங்காவும் போட்டுக்கொண்டு மாவிளக்கு, பூவோடு (நெருப்புச் சட்டி), கார்த்திகை விளக்குப் பக்கம் போகக் கூடாது. பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நோம்பிக்குப் பருத்தி அல்லது பட்டு, முந்தியை இடுப்பில் செருகிய கட்டு: இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

சேலை

16 வயதைத் தாண்டி, உயரம் ஏறக்குறைய நின்றுவிட்ட பெண்ணுக்குச் சிறுமுகை சாஃப்ட் சில்க் நல்ல தொடக்கம். காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, மடிப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் காட்டன் சேலை புவிசார் குறியீடு பெற்றது. பகல் காதுகுத்துக்கும் பள்ளி விழாவுக்கும் அது போதும், பட்டு தேவையே இல்லை.

புதிதாகக் கட்டுபவர்களுக்குச் சேலை நழுவுவது பெரும்பாலும் உள்பாவாடையால்தான். சாட்டின் உள்பாவாடை வழுக்கும். பருத்தியில் நாடா வைத்தது வேண்டும், முடிச்சைப் பக்கவாட்டில் போட வேண்டும். 5 அங்குல அகலத்தில் ஐந்தாறு கொசுவம், முந்தைய நாளே மடித்து இஸ்திரி போட்டுக் கவ்வி மாட்டி வைத்துவிட்டால் காலையில் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். கும்மிக்குக் குழு முழுக்க ஒரே சேலை எடுத்திருந்தால் கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே தூக்கிக் கட்டி, முந்தியைச் சுற்றிக் கொண்டுவந்து செருகி, கொசுவத்தின் உட்பக்கத்தில் ஒரு ஊக்கு குத்துங்கள். உள்ளே திருப்பூர் பனியன் துணியில் ஒரு முக்கால் கால்சட்டை இருந்தால் சுற்றும்போது கூச்சமிருக்காது.

‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரில் விற்பதெல்லாம் பட்டு அல்ல. மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் முந்தி ஓரத்து இழை இரண்டைக் கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. கருப்பு முத்தாக இறுகினால் பாலியெஸ்டர். ஜரிகை இழையை வைத்துச் சோதிக்காதீர்கள், அது வேறு பதில் சொல்லும். சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் கிடைக்கும் ஆர்ட் சில்க்கை (செயற்கைப் பட்டை) மட்டமாகவும் நினைக்க வேண்டாம். 13, 14 வயதில் கிடுகிடுவென வளரும் புள்ளைக்குப் பாவாடை தைக்க அதுதான் சரி. நிறம் பளிச்சென்றிருக்கும், வீட்டிலேயே அலசலாம். ஈரோட்டு வெயிலில் வேர்க்கும் என்பதால் உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம்.

பையன்களுக்கு

இங்கே போட்டி ஒட்டு வேட்டிக்கும் கட்டு வேட்டிக்கும். ஒட்டு வேட்டியில் பாக்கெட் இருக்கும், அவிழாது, பந்தியில் ஓடியாடிப் பரிமாறலாம். ஆனால் அதன் உயரம் வயதளவுக்குத் தைத்தது. பையன் 3 அங்குலம் வளர்ந்தால் வேட்டி அரைக்கால் ஆகும். ஒட்டும் பட்டையில் நூல் தூசி அடைந்தால் பிடிப்பும் போகும், அதனால் துவைக்கும்போது ஒட்டி மூடிவிட வேண்டும். பெரியவர்களுக்கான சாதாரண நாலு முழம் சுமார் 2 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். உயரம் அதிகமென்றால் இடுப்பில் மடித்துச் சுருட்டிக்கொள்ளலாம், வளர வளர இறக்கலாம். ஒற்றை மடிப்பில் உள்ளே இருப்பது மண்டப விளக்கில் தெரியும் என்பதால் வெளிர் நிறக் கால்சட்டை போட வேண்டும். எட்டு முழத்தில் அந்தக் கவலை இல்லை, வெயிலில் கனம்தான். சேலம் வெண்பட்டு போல வழுக்கும் வேட்டிக்கு முடிச்சை நம்பாமல் பச்சை பெல்ட் போட்டுவிடுங்கள்.

விசேஷம் முடிந்த இரவு

கழற்றியதும் பட்டை மடித்துப் பெட்டியில் போடக் கூடாது. வேர்வை ஈரம் போக ஒரு இரவு நிழலில் விரித்து வையுங்கள், வெயிலில் வேண்டாம். சென்ட்டை உடுத்தும் முன்பே உடம்பில் அடித்துக்கொள்ள வேண்டும், ஜரிகையில் பட்டால் கறுக்கும். சத்தியமங்கலத்து மல்லியை நள்ளிரவு வரை தலையில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கினால் நசுங்கிய பூச்சாறு ஜாக்கெட்டின் முதுகில் கறையாகும், பூவை முதலில் எடுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பாவாடையை எடுத்து மடிப்பு மாற்றும் அன்றைக்கே புள்ளையை நிறுத்தி நீளத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டால், டக்கைப் பிரிக்க அடுத்த விசேஷத்துக்கு முந்தைய இரவு ஊசியைத் தேட வேண்டியதில்லை.