பாரிஸும் பெர்லினும்: வீட்டுக்கு யார் அதிகம் சம்பாதிக்கிறார்?

பாரிஸும் அதைச் சுற்றிய இல்-து-பிரான்ஸ் பகுதியும் பிரான்ஸ் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. அதிவேக ரயில் பாதைகள்கூட பாரிஸிலிருந்தே கிளை பிரிகின்றன.

பெர்லின் கதையே வேறு. ஜெர்மனியின் மொத்த உற்பத்தியில் அதன் பங்கு சுமார் 5 சதவீதம்தான். ஒரு காலத்தில் அதுவும் பெரிய தொழில் நகரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் இரண்டாகி, மேற்குப் பகுதி கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே தீவாய் நின்றபோது மின்சாதன நிறுவனமான சீமென்ஸின் தலைமையகம் மியூனிக்குக்குப் போனது. பெரிய வங்கிகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் குடியேறின. 1990இல் நாடு இணைந்த பின்னும் போனவை திரும்பவில்லை. பல ஆண்டுகள் பெர்லினின் தனிநபர் உற்பத்தி தேசிய சராசரிக்கும் கீழே கிடந்தது. ஒரு தலைநகருக்கு இது அபூர்வம்!

என்னைக் கேட்டால் ஜெர்மன் நிலைமையே மேல்: ஹாம்பர்க்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருப்பவர் நல்ல வேலைக்காகத் தலைநகருக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை.