உஸ்தாத் ஹோட்டல், ஜூலி அண்ட் ஜூலியா, செஃப்: யாருக்காகச் சமைக்கிறார்கள்?

சமையல்மேல் ஆசை வந்து, அதிலேயே வாழ்க்கைக்கும் ஒரு பிடிப்பு கிடைத்துவிடுகிற படம் ஒன்று சொல்லுங்கள் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். நோரா எஃப்ரான் இயக்கிய 'ஜூலி அண்ட் ஜூலியா' (2009), அன்வர் ரஷீத் இயக்கிய மலையாளப் படம் 'உஸ்தாத் ஹோட்டல்' (2012), ஜான் ஃபாவ்ரோ எழுதி இயக்கி நடித்த 'செஃப்' (2014). மூன்றையும் ஒரே கூடையில் போட்டு 'ஃபீல் குட்' என்று சொல்லிவிடுகிறார்கள். இவர்கள் யாருக்காகச் சமைக்கிறார்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூன்றும் மூன்று திசையில் போகும்.

செஃப்பை முதலில் முடித்துவிடலாம். அதன் நாயகன் கார்ல் காஸ்பருக்குச் சமையல் ஏற்கெனவே கைவந்த கலை. லாஸ் ஏஞ்சல்ஸில் பேர்பெற்ற உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். அவர் தொலைத்தது சுதந்திரத்தை. பழைய மெனுவையே போடு என்கிறார் முதலாளி, சரக்கு தீர்ந்துவிட்டது என்று எழுதுகிறார் விமர்சகர். ட்விட்டரில் சண்டை, உணவகத்திலேயே கூச்சல், அந்த வீடியோ ஊரெல்லாம் பரவி, வேலை போகிறது. அப்புறம் மயாமியில் ஒரு ஓட்டை உணவு வண்டி, கியூபன் சாண்ட்விச், மகனோடு நியூ ஆர்லியன்ஸ், ஆஸ்டின் வழியாக ஊர் திரும்பும் பயணம். வண்டி கிளம்பியதிலிருந்து படத்தில் எதிர்ப்பே இல்லை. போகிற இடமெல்லாம் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், ஒரு நாள்கூட வியாபாரம் படுப்பதில்லை. சாலையோரத்தில் கடை போட்ட யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஒரு காட்சிக்காக இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மகன் பெர்சி ஒரு சாண்ட்விச்சைக் கருக்கிவிடுகிறான். வண்டியில் உதவிக்கு வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுப்பதுதானே, போனால் போகிறது என்கிறான். கார்ல் அவனை வெளியே அழைத்துப்போகிறார். திட்டவில்லை. நான் நல்ல கணவனாக இருந்ததில்லை, நல்ல அப்பாவாகவும் இருந்ததில்லை, ஆனால் இதை மட்டும் நன்றாகச் செய்வேன் என்கிற மாதிரி பேசிவிட்டு, அந்த சாண்ட்விச்சைக் கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். 'நோ, செஃப்' என்கிறான் பையன். 'அப்பா' என்று சொல்லாமல் 'செஃப்' என்று சொல்லும் அந்த இடத்தில், அவன் தொழிலுக்குள் காலெடுத்து வைத்துவிட்டான் என்று தெரிந்துவிடுகிறது.

ஜூலி அண்ட் ஜூலியா இரண்டு பெண்களின் கதை. இருவரும் படத்தில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. ஜூலியா சைல்ட், 1949 பாரிஸ். கணவர் பால், அமெரிக்கத் தூதரகத்தில் வேலை. நான் என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு. தொப்பி செய்யக் கற்கிறார், சீட்டாட்டம் பழகுகிறார், எதுவும் ஒட்டவில்லை. சாப்பிடத்தான் பிடிக்கிறது. சரி, அதையே கற்போம் என்று லெ கோர்தோன் ப்ளூ சமையல் பள்ளியில் சேர்கிறார். அப்போது அவருக்கு வயது 37. வகுப்பு முழுக்க ஆண்கள், போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள். எல்லாரும் சரசரவென்று வெங்காயம் நறுக்க, இவர் மட்டும் ஒவ்வொரு துண்டாகத் தடவிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து மேஜையில் வெங்காயத்தை மலையாகக் குவித்து நறுக்கித் தள்ளுகிறார். உள்ளே வந்த கணவர் கண்ணெரிச்சல் தாங்காமல் வந்த வழியே ஓடுகிறார். அடுத்த வகுப்பில் அவர் கத்தியைப் பாருங்கள்.

மூன்று படங்களிலும் சமையலைப் 'கற்பது' என்றால் என்னவென்று காட்டியது இந்த வெங்காயக் குவியல் ஒன்றுதான். ஆசை வேறு, கை பழகுவது வேறு. அந்த இடைவெளியை ஜூலியாவாக வரும் மெரில் ஸ்ட்ரீப் துளிச் சலிப்பில்லாமல் கடக்கிறார். நிஜ வாழ்க்கையில் அது இன்னும் நீளம். இரண்டு பிரெஞ்சுத் தோழிகளோடு சேர்ந்து எழுதிய சமையல் புத்தகத்தை முதலில் ஒப்புக்கொண்ட பதிப்பகம் பிறகு கைவிட்டது. வேறொரு பதிப்பகம் மூலம் 1961-ல் அது வெளிவந்தபோது ஜூலியாவுக்கு 49 வயது.

இன்னொருத்தி ஜூலி பவல், 2002, நியூயார்க். செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் அழுகை காதில் விழும். முப்பது வயதை நெருங்குகிறாள், எடுத்த எதையும் முடித்ததில்லை. ஜூலியாவின் புத்தகத்திலுள்ள 524 குறிப்புகளையும் 365 நாளில் சமைத்து வலைப்பதிவில் எழுதுவேன் என்று கிளம்புகிறாள். பலரும் இந்தப் பாதியைக் குறை சொல்கிறார்கள்: தன்னைப் பற்றியே நினைக்கிறாள், கணவன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்று. உண்மைதான். அவளுக்குச் சாப்பிடுகிறவர்கள் முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். ஆனாலும் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எதுவுமே நிச்சயமில்லாத ஒரு நாளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து சாக்லேட், சர்க்கரை, பாலோடு முட்டை மஞ்சள்கருவைச் சேர்த்தால் அது கெட்டியாகும் என்பது மட்டும் நிச்சயம், அது ஆறுதல் என்கிறாள். அலுவலகத்தில் நொந்து வீடு திரும்பும் எவருக்கும் இது விளங்கும். ஜூலியாவுக்கு அவளுடைய வலைப்பதிவு பிடிக்கவில்லை என்ற செய்தியையும் படம் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. அந்த நேர்மைக்கு ஒரு பாராட்டு.

இனி உஸ்தாத் ஹோட்டல். ஃபைசி (துல்கர் சல்மான்) நான்கு அக்காமார்களுக்குப் பிறகு பிறந்தவன். அம்மா இறந்த பிறகு அக்காமார்களோடு அடுப்படியில் வளர்கிறான். அப்பாவுக்குத் தெரியாமல் சுவிட்சர்லாந்தில் சமையல் படித்துவிட்டு வருகிறான். பெண் பார்க்கப் போன இடத்தில் குட்டு உடைகிறது. அப்பா பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்ள, கோழிக்கோடு கடற்கரையில் ஓட்டல் நடத்தும் தாத்தா கரீமிடம் போய்ச் சேர்கிறான். தாத்தா உடனே கரண்டியைக் கையில் கொடுப்பதில்லை, எடுபிடி வேலையில் போடுகிறார். கடற்கரையில் உட்கார்ந்து சுலைமானி குடிக்கிற காட்சியில்தான் அவர் பாடமே தொடங்குகிறது. பால் சேர்க்காத சாதாரணக் கட்டன் சாயா அது. அதில் கொஞ்சம் மொஹப்பத், அதாவது அன்பு, இருக்க வேண்டும் என்கிறார். வேறொருவர் சொன்னால் வெறும் வசனமாகப் போயிருக்கும். கரீமாக வரும் திலகன் சொல்லும்போது வயதான ஒருவர் தொழில் ரகசியத்தைச் சொல்வது போலிருக்கிறது. படம் வெளியான சில மாதங்களிலேயே, 2012 செப்டம்பரில் அவர் மறைந்தார். இந்த நடிப்புக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும், படத்தை எழுதிய அஞ்சலி மேனனுக்குச் சிறந்த வசனத்துக்கான விருதும் கிடைத்தன.

வயிற்றை நிரப்ப யாராலும் முடியும், சாப்பிடுகிறவரின் மனசும் நிரம்ப வேண்டும் என்பது கரீமின் கட்சி. அதை வாயால் சொன்னால் பேரனுக்கு ஏறாது என்று அவருக்குத் தெரியும். அதனால் மதுரைக்கு அனுப்புகிறார். அங்கே ஜெயப்பிரகாஷ் நடித்திருக்கும் நாராயணன் கிருஷ்ணன் கற்பனை ஆள் இல்லை. பெங்களூரில் நட்சத்திர ஓட்டலில் சமையல்காரராக இருந்த மதுரைக்காரர். சுவிட்சர்லாந்தில் வேலை கிடைத்திருந்த நேரத்தில், 2002-ல், மதுரையில் ஒரு முதியவர் பசி தாளாமல் தன் கழிவையே தின்பதைப் பார்த்தார். வேலையை விட்டார். அடுத்த ஆண்டு அட்சயா அறக்கட்டளையைத் தொடங்கி, தெருவில் கிடப்பவர்களுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தார். சுவிட்சர்லாந்தில் படித்து வந்தவனை, அந்த நாட்டு வேலையையே உதறியவரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது திரைக்கதை. ஃபைசி குழந்தைகளுக்குப் பிரியாணி செய்கிறான், அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான். மற்ற இரண்டு படங்களிலும் சமைப்பவரின் முகத்துக்குத்தான் கேமரா ஓடும். இங்கே தின்பவரின் முகத்துக்குப் போகிறது.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. பக்கத்து ஐந்து நட்சத்திர ஓட்டலின் சூழ்ச்சி பழைய கால வில்லத்தனம். பாதிப் படம் காதலுக்கும் பாட்டுக்கும் போய்விடுகிறது. என்னை உறுத்துவது வேறொன்று. ஃபைசியின் கைப்பக்குவம் அக்காமார்களின் அடுப்படியில் வந்தது. அதே அடுப்பில் நின்ற அந்த நான்கு பேரின் சமையலை யாரும் லட்சியம் என்று பேசவில்லை. வரிசையாகக் கல்யாணம் செய்துகொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆண் சமைத்தால் அதற்கு ஒரு தேடல் இருக்கிறது, பெண் சமைத்தால் அது வீட்டு வேலை என்ற நினைப்பைப் படம் தொடவே இல்லை. இந்த இடத்தில் ஜூலி அண்ட் ஜூலியா ஒரு படி மேல். இரண்டு பெண்களுக்கும் சமையல் கடமையாக வரவில்லை, அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு கணவர்களும் கூட நின்றார்கள், அதிலும் ஜூலியாவின் கணவர் பாலாக வரும் ஸ்டான்லி டூச்சி மனைவியைப் பார்க்கிற பார்வைக்கே தனியாக ஒரு டிக்கெட் வாங்கலாம்.

இருந்தும் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்றால் என் கை உஸ்தாத் ஹோட்டலைத்தான் எடுக்கும். ஜூலி பவல் தன்னை மீட்டுக்கொள்ளச் சமைக்கிறாள், கார்ல் தன் பெயரை மீட்கச் சமைக்கிறார். ஃபைசிக்கு மட்டும்தான், தான் சமைப்பதன் காரணம் தன் இலைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவருகிறது. பசியைக் காட்டாமல் சமையலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பாதிதான் பேசியதாகும்.

புதிதாக எதையாவது கற்க ஆரம்பித்து, கை வரவில்லையே என்று சோர்ந்திருப்பவர்கள் ஜூலி அண்ட் ஜூலியாவிலிருந்து தொடங்குங்கள். உஸ்தாத் ஹோட்டலைக் குடும்பத்தோடு, மலையாளத்திலேயே பாருங்கள். மலபார் பேச்சு முதல் பத்து நிமிடம் இடிக்கும், பிறகு பழகிவிடும். செஃப்பில் கெட்ட வார்த்தை ஏராளம், பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் கவனிக்கவும். எழுத்து ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். படத்துக்குச் சமையல் ஆலோசகராக இருந்த ராய் சோய், வெறும் ரொட்டியும் சீஸும் வைத்து ஒரு சாண்ட்விச்சை எப்படி வாட்டுவது என்று ஃபாவ்ரோவுக்குச் சொல்லிக்கொடுக்கிற துண்டு அங்கேதான் வருகிறது.