கூல் பார்: ரெண்டு ஸ்டார், அதுவும் ரோஸ் மில்க்குக்காக

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, சனிக்கிழமை மதியம், மண்டையைப் பிளக்கிற வெயில். ஜவுளிப் பையோட ஒதுங்கினது சந்துக்குள்ள புதுசா வந்திருக்கிற ஒரு கூல் பார்ல. கூட எட்டாவது படிக்கிற அக்கா பையன். அவனுக்கு இங்கிலீஷ் டியூஷன் நான்தான்.

பெஞ்சு இருக்கு, ஃபேன் இல்லை. ரெண்டு பொவண்டோ கேட்டேன். "கூலிங்கா, கூலிங் இல்லாமயாக்கா?" கூலிங்னா பாட்டிலுக்கு அஞ்சு ரூபா கூட. 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள்படி அச்சடிச்ச எம்.ஆர்.பி.க்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொன்னேன். போட்டிருந்த கூலிங் கிளாஸைக் கழட்டாமலே, "டென்சன் ஆவாதக்கா, கூலா இரு"ன்னார். கொடுத்துத் தொலைச்சேன். பாட்டில் ஜில்லுனு இருந்துச்சான்னா, அதுவும் இல்லை.

பையனுக்கு மட்டும் ஒரே குஷி. போன வாரம்தான் இந்த 'கூல்' பாடம் நடத்தினேன். லேசான குளிர், நிதானம், பட்டும் படாம வரவேற்கிறது எல்லாத்துக்கும் இதே வார்த்தைதான். 'எ கூல் மில்லியன்'னா முழுசா பத்து லட்சம். குளிருக்கு அங்க வேலையே இல்லை. கோல்டு, சில் ரெண்டும் இதோட கூடப்பொறந்ததுங்க. பசங்க 'செம'ங்கிற அர்த்தத்துல சொல்றாங்களே, அது 1940கள்ல அமெரிக்க ஜாஸ் இசைக்காரங்க வழியா பரவினது. "சித்தி, முழுசா பத்து ரூபா போச்சே, இதுவும் கூல்தானே?"ன்னான். பொது இடம், தப்பிச்சான்.

ரோஸ் மில்க் நல்லா இருந்துச்சு. அளவான இனிப்பு, கிளாஸும் சுத்தம்.

வெளிய வந்ததும், "சித்தி, கூலு குடிக்கலாமா?" மறுபடியுமாடான்னு முறைச்சேன். அவன் கை காட்டினது எதிர்ல நின்ன தள்ளுவண்டியை. எங்க ஏரியா நாக்குல ழகரம் அவ்ளோதான். புளிச்ச கேழ்வரகு மாவு, நொய், மோர், நறுக்கின சின்ன வெங்காயம். ஐஸ் ஒரு துண்டு கிடையாது. தொட்டா ஜில்லுனு இருக்கிறது வேற, உடம்புக்குக் குளிர்ச்சி வேறங்கிறது இந்த ஒரு சொம்புல தெரிஞ்சுடும். வீடு வர்ற வரைக்கும் தாகமே எடுக்கலை. சொம்பு இருபது ரூபா, கூலிங் சார்ஜ் கிடையாது. மோர் மிளகாய் ரெண்டாவது தடவை கேட்டா மட்டும் ஆயா முறைக்குது.